காக்கா ஆழியை என்ன செய்வது? பழவேற்காடு ஏரிக்கு முன்னால் இருக்கும் வழிகள்

எண்ணூர்க் கழிமுகத்திலும் அதற்கு வடக்கே பழவேற்காட்டிலும் இறால் பிடிக்கிறவர்கள் சில ஆண்டுகளாக ஒரே பெயரைச் சொல்லிப் புலம்புகிறார்கள்: காக்கா ஆழி. கறுத்த நிறச் சிப்பி, விரல் நீளம்கூட வராத உடம்பு. அறிவியலில் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் கரைகள்தான் இதன் சொந்த ஊர். 2010-களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று வரிசையாகத் தலைகாட்டியது. கேரளத்தில் கொச்சி, வேம்பநாடு, அஷ்டமுடிக் காயல்களில் பரவியிருப்பதும் இதே சிப்பிதான். அங்கே ‘வரத்தன் கக்கா’ என்கிறார்கள்.

இதை அகற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் போயிருக்கிறது. எப்படி அகற்றுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. பொக்லைன் விட்டு வாரச் சொல்கிறார் ஒருவர். மருந்து அடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். பிடித்துச் சமைத்தே தீர்த்துவிடலாம், முகத்துவாரம் திறந்தால் தானாகவே போய்விடும் என்றெல்லாம் யோசனைகள் வருகின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எது எங்கே பலிக்கும், எது எங்கே வீண் செலவு என்று பிரித்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரி முழுவதிலிருந்தும் இதை ஒழிப்பது இனி நடக்காது. ஆகவே இறால் பிடிபடும் தரைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து, கையால் அகற்றி, ஆண்டுதோறும் அந்தத் தரைகளைக் காப்பாற்றுவதுதான் அரசின் முதல் செலவாக இருக்க வேண்டும். மற்ற வழிகள் இதற்குத் துணையாக நிற்கலாம், இதன் இடத்தைப் பிடிக்க முடியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, முதலில் அந்தச் சிப்பி ஏரியின் தரையை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தரை போனால் இறால் போகும்

பழவேற்காடு ஆழமான ஏரி இல்லை. பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு முனை நம்முடையது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அது வளர்வதற்கு மணலும் சேறும் கலந்த மெத்தென்ற தரை வேண்டும். பகலில் அந்தத் தரைக்குள் புதைந்துகொள்ளும், இருட்டினால் வெளியே வரும்.

காக்கா ஆழி நூல் போன்ற இழைகளை விட்டு எதன்மீதும் ஒட்டிக்கொள்கிறது. பாறை, பாலத்தின் தூண், படகின் அடிப்பக்கம், வலைக் கழி, உயிருள்ள ஆளிச் சிப்பி, எதுவானாலும் சரி. கெட்டியான இடம் கிடைக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேற்றின் மேலேயே பாய் விரித்ததுபோல் பரவும். நீரை வடிகட்டித் தின்றுவிட்டு அது கழிப்பதெல்லாம் அந்தப் பாயின் அடியில் கறுத்த சேறாகச் சேர்கிறது. இறால் புதைய வழியில்லை. சேற்றுக்குள் வாழும் மட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. தரையே மேடாகி நீரோட்டமும் தடைபடுகிறது.

இதில் யாருக்கு முதல் அடி என்பது முக்கியம். வலை போட்டுப் பிடிக்கிறவர் இடம் மாறிப் போகலாம். கையால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அப்படி இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றை விரலால் தடவித்தான் அவர்கள் இறால் எடுக்கிறார்கள். அந்தச் சேறு முழுக்க கூரான ஓடு நிறைந்திருந்தால் கை கிழிகிறது, கால் கிழிகிறது. உப்பு நீரில் அந்தப் புண் எளிதில் ஆறாது. இந்த ஏரியின் வழிகளை ஒப்பிடும்போது, தடவிப் பிடிக்கிற ஒருத்தி திரும்பக் கால் வைக்கக்கூடிய தரை எவ்வளவு மீளும் என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். எத்தனை டன் சிப்பி அள்ளினோம் என்ற கணக்கு செய்திக்கு நன்றாக இருக்கும், ஆனால் அவளுக்கு அதனால் பயன் இல்லை.

மருந்து அடிப்பது

இது பலித்த இடங்கள் உண்டு, மறுக்க முடியாது. 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறைகளில், இதற்குத் தூரத்து உறவான கருங்கோட்டுச் சிப்பி பெருகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். (அந்தச் சிப்பி 1960-களிலேயே விசாகப்பட்டினத்துக்கு வந்துவிட்ட ஒன்று.) மூன்று படகுத்துறைகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். சில வாரங்களில் சிப்பி முழுவதும் செத்தது. கூடவே உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அத்தனை செய்தும் அது வெற்றி பெற்றதற்கு ஒரே காரணம், டார்வினில் கடலின் ஏற்றவற்றம் மிகப் பெரியது என்பதால் அந்தத் துறைகளுக்குக் கதவு இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு மருந்து போட்டார்கள்.

அமெரிக்காவில், நன்னீரில் பரவும் இன்னொரு வந்தேறியான வரிக்குதிரைச் சிப்பிக்கு எதிராகவும் இதே கதைதான். வர்ஜீனியா மாநிலத்தில் மில்புரூக் என்ற பழைய கல்குவாரிக் குட்டையில் 2006-இல் பொட்டாசியம் குளோரைடு கலந்து முழுவதும் ஒழித்தார்கள். குட்டையில் ஆறு வந்து சேர்வதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. மினசோட்டாவின் கிறிஸ்மஸ் ஏரியில் 2014-இல் படகு இறக்கும் இடத்தருகே மட்டும் சிப்பி தெரிந்தது. அந்த மூலையைத் திரையிட்டு மறித்து ஒன்றுக்கு மூன்று மருந்துகள் போட்டார்கள். மறித்த இடத்தில் சிப்பி செத்தது. அடுத்த ஆண்டு மறிக்காத இடத்தில் முளைத்தது. முயற்சியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

பழவேற்காட்டுக்கு எங்கே கதவு? கிழக்கே கடல். தெற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் எண்ணூர் வரை போகின்றன. நிலப்பக்கத்திலிருந்து ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி வருகின்றன. இங்கே தாமிரமோ குளோரினோ கொட்டினால் நீரோட்டம் அதைக் கரைத்துக்கொண்டு போகும். சிப்பியின் குஞ்சுகள் கடல்வழியாகத் திரும்பி வரும். இறால் குஞ்சு மட்டும் அந்த ஆண்டு வராது. பறவைகள் சரணாலயம் வேறு. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து மேயும் சேற்றில் மருந்து போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பது என் கருத்து.

மூடிய இடங்களில் மட்டும் இது பயன்படும். இறால் பண்ணைக் குட்டைகள், ஆலைகளின் குளிர்நீர்க் குழாய்கள், படகு கழுவும் தொட்டி, அவ்வளவுதான்.

பொக்லைன்

அதிகாரிகளுக்குப் பிடித்த வழி இது. டெண்டர் விடலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். எண்ணூர்ப் பக்கம் சில கால்வாய்களில் சிப்பியும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் கெட்டியாகப் படிந்து ஓட்டத்தையே அடைத்துக் கிடக்கின்றன. அங்கே மண்வெட்டியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. மிதவைமேல் நிற்கும் பொக்லைன்தான் வேண்டும். அந்த அளவுக்கு நான் இதை ஏற்கிறேன்.

ஏரித் தரைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. வாளி கீழே இறங்கும்போது சிப்பியை மட்டும் எடுக்காது. சிப்பிக்குக் கீழே உயிரோடு இருக்கிற மேல்மண் முழுவதையும் எடுத்துவிடும். அந்த மேல்மண்தான் இறாலுக்கு வீடு. இரண்டாவது, பாய்போல் கிடப்பதை உடைக்கும்போது கொத்துக் கொத்தாகப் பிய்ந்து நீரோட்டத்தில் மிதந்து போகும். ஒவ்வொரு கொத்தும் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியது. அதைத் தடுக்க வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் திரைவலை கட்ட வேண்டும். அந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊர்க்காரர்கள் வேலையை ஆரம்பிக்க விடக் கூடாது.

மூன்றாவது, அள்ளியதை எங்கே கொட்டுவது? கரையோரத்தில் குவித்தால் அடுத்த பெருமழையில் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும். அலையாத்திச் செடிகளுக்கு நடுவே குவித்தால் அந்தச் செடி சாகும். நீர் ஏறாத மேட்டுக்குக் கொண்டுபோய், காயவைத்து, புதைக்கவோ பயன்படுத்தவோ வேண்டும். லாரி வாடகை இருக்கிறதே, அதில்தான் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் சிக்கனம் பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், வாரிய தரையில் அடுத்த பருவத்தில் குஞ்சுகள் வந்து இறங்கும். பொக்லைன் மறுபடியும் வருமா? திட்டம் ஒருமுறைக்குத்தான் போடப்படுகிறது. சிப்பியோ ஆண்டுதோறும் வருகிறது.

கையால் அகற்றுவது

மெதுவான வழி. ஆள் நிறைய வேண்டும். பார்க்கவும் பெரிதாகத் தெரியாது. இருந்தும் இதைத்தான் முதலில் வைக்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜ் ஏரியை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1999 டிசம்பரில் அங்கே வரிக்குதிரைச் சிப்பி தென்பட்டதும் முக்குளிப்பவர்கள் இறங்கி ஆயிரக்கணக்கில் கையாலேயே பொறுக்கினார்கள். ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள், பலித்தது. ஆனால் அந்த வெற்றியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அந்த ஏரி நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, குஞ்சுகளுக்கு ஓடு வளர்ப்பதே கஷ்டம். பெரியவற்றைப் பொறுக்கினால் போதும், புதியவை எளிதில் பிழைக்காது. நம் ஏரியில் பாதி கடல்நீர், சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஆகவே இங்கே கையால் செய்வது ஒழிக்கும் வேலை ஆகாது. களை எடுப்பது போன்ற வேலைதான். வயலில் களை ஒழிந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை, நாற்றுக்கு இடம் கிடைத்ததா என்றுதான் பார்க்கிறோம்.

கையால் செய்தால் மேல்மண் தங்குகிறது. உயிருள்ள மட்டியையும் ஆளியையும் பார்த்து ஒதுக்கிவிட முடிகிறது. கொத்துகளைக் கூடையிலோ தோணியிலோ நேராகப் போடுவதால் மிதந்து போவது குறைகிறது. எந்தத் தரையில் முன்பு இறால் நிறைய விழும் என்று தெரிந்தவரே அந்தத் தரையில் இறங்குகிறார். இந்த அறிவை எந்த டெண்டராலும் வாங்க முடியாது. பணமும் ஒப்பந்தக்காரரின் டீசல் கணக்குக்குப் போகாமல், இந்தச் சிப்பியால் வருமானம் இழந்த வீடுகளுக்கே போகிறது.

குறைகளும் உண்டு. கையுறையும் தடித்த ரப்பர் காலணியும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. வெறுங்கையோடு இறக்கிவிட்டு, பழகியவர்கள்தானே என்று சொல்லும் மேற்பார்வையை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆழமான இடங்களில் இது நடக்காது. பாய் கெட்டிப்பட்டுப் பல அடுக்காகப் போன இடத்திலும் கஷ்டம்தான். எடை கணக்கில் கூலி கொடுத்தால், அதிகம் கிடக்கிற இடத்துக்குத்தான் எல்லாரும் போவார்கள், காப்பாற்ற வேண்டிய தரை அப்படியே கிடக்கும். எனவே பரப்புக் கணக்கில் கூலி கொடுக்க வேண்டும்: கழி நட்டு இடத்தைக் குறித்து, இத்தனை அடிக்கு இத்தனை அடி சுத்தமானால் இவ்வளவு என்று.

எந்தத் தரை, யாருடைய தரை?

இங்கேதான் பழவேற்காட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ஏரியின் தென்பகுதியில் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், நல்ல மீன்பிடித் தரைகளைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று உனக்கு இந்தத் தரை, நாளை எனக்கு. சண்டை வராமல் காத்த ஏற்பாடு அது. சுத்தம் செய்யும் வேலையையும் இதே முறைக்குள் கொண்டுவந்தால் அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். முறை யாருக்கோ, சுத்தமும் அவர்கள் பொறுப்பு, கூலி அரசிடமிருந்து. எல்லை அவர்களுக்குத் தெரியும், ஏமாற்றினால் அடுத்த முறைக்காரர் கேட்பார்.

ஆனால் பாடு உரிமை எல்லாருக்கும் கிடையாது. இருளர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். அவர்கள் தடவிப் பிடிப்பது கரையோரமும், கால்வாய் ஓரமும், வலைக்காரர்கள் விட்ட இடங்களும். பாடு தரைகளை மட்டும் சுத்தம் செய்தால், இருப்பவர்களுக்குத் தரை திரும்பும், இல்லாதவர்களுக்கு ஓடுதான் மிஞ்சும். அதைவிடக் கொடுமை, அகற்றும் கூலி வேலைக்கு இருளர்களைக் கூப்பிட்டு, சுத்தமான தரையில் அவர்களுக்கு உரிமை இல்லாமல் போவது. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இருளர்கள் தடவும் கரைகளுக்கு என்று எழுத்தில் வர வேண்டும். எந்தக் கரை என்பதை அவர்களே காட்ட வேண்டும்.

தின்றே தீர்த்தால்?

கேட்கச் சுவையான யோசனைதான். பிரேசிலின் மசேயோ நகரத்து முண்டாவு ஏரியில் இதே சிப்பியைச் ‘சுருரு’ என்று சொல்லி, தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். 2014-இல் அலகோவாஸ் மாநிலம் அதைத் தன் பண்பாட்டுச் செல்வமாகவே அறிவித்தது. ஏழைகளின் பிழைப்பும் அதுவே. இங்கே மட்டும் ஏன் கூடாது?

இரண்டு காரணங்கள். சிப்பி நீரை வடிகட்டித் தின்கிற உயிர், நீரில் இருப்பது அதன் உடம்பில் சேரும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எவ்வளவு காலமாகக் கலந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு படர்ந்தது. அங்கிருந்து எடுத்த சிப்பியை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. பழவேற்காட்டின் வடபகுதியில் எடுப்பது அவ்வளவு மோசமாக இருக்காது என்று தோன்றலாம். தோன்றுவது போதாது, ஆய்வகத்தில் கன உலோகங்களைச் சோதித்துப் பார்க்காமல் சந்தைக்கு வரக் கூடாது. கோழித் தீவனத்துக்கும் இதே விதிதான், கோழி வழியாக அது நம் தட்டுக்குத்தான் வரும்.

இன்னொன்று, விலை வந்துவிட்டால் ஆசையும் வந்துவிடும். இன்னும் சிப்பி வராத உப்பங்கழிக்கு யாராவது ஒரு கூடை எடுத்துப்போய் விதைப்பார்கள். ஒழிக்க வேண்டியதைக் காப்பாற்ற ஒரு கூட்டம் உருவாகும். அதனால் உணவுச் சந்தை என்ற வழியை இப்போதைக்கு மூடியே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஓடு வேறு விஷயம். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. காய்ந்த ஓட்டைச் சூளைக்கு அனுப்பினால் கொட்டும் இடத்துச் சிக்கலும் தீரும், லாரிச் செலவில் கொஞ்சமும் திரும்பும். பிரேசிலில் சுருரு ஓட்டைச் சிமென்டோடு கலந்து சுவர்க்கற்கள் செய்திருக்கிறார்கள். லாபம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஓடு மெலிசு.

நன்னீரும் முகத்துவாரமும்

இந்தச் சிப்பிக்குப் பலவீனம் ஒன்று உண்டு, திடீர் நன்னீர். முண்டாவு ஏரியில் பெருமழை பெய்து ஆறு பெருகும் மாதங்களில் சுருரு செத்து மறைவதை அந்த ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் ஃப்ளோரிடாவில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: உப்பு மெல்ல மெல்ல மாறினால், ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலைவிட உப்பான நீர் வரை அது தாங்கிக்கொள்கிறது. சாகடிப்பது வேகமான மாற்றம்தான். குளிரும் அதற்கு ஆகாது. 1986-இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் மின்நிலையத்து நீர்க்குழாயில் வந்த கூட்டம் அடுத்த குளிர்காலத்தில் செத்துப்போனது, பிறகு 2004-இல் வேறு இடத்தில் திரும்ப வந்தது. நமக்கு அந்தக் குளிர் கிடையாது, ஐப்பசி கார்த்திகை வெள்ளம்தான் இருக்கிறது.

ஆறு தடையில்லாமல் வந்து சேர்ந்தால் ஏரியின் மேல்பகுதியில் சிப்பி குறையும். ஆனால் ஆறுகளில் வழிநெடுக அணைகளும் தடுப்பணைகளும் இருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் கொசஸ்தலையாற்றின் நீர் பூண்டியில் நின்று சென்னைக்குக் குடிநீராகிறது. சிப்பியைக் கொல்ல நீர் திறக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மழைக்காலத்து உபரியை மெதுவாக வடிய விடாமல் ஒரே மூச்சில் விடும் ஏற்பாடு இருந்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம். அது கரையோர ஊர்களுக்கு வெள்ள ஆபத்து. இதை நம்பித் திட்டம் போட முடியாது.

முகத்துவாரம் வேறு கதை. மணல் மூடிக்கொள்ளும் முகத்துவாரத்தை நேர்கற்சுவர் கட்டித் திறந்தே வைப்பது மீனவர்களின் பழைய கோரிக்கை, நியாயமான கோரிக்கையும்கூட. இறால் குஞ்சு வர, படகு போக, வெள்ளம் வடிய அது வேண்டும். ஆனால் சிப்பி போய்விடும் என்று அதன்மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. திறந்த முகத்துவாரம் ஏரியின் உப்பை ஒரே சீராக வைக்கும், அது சிப்பிக்கும் வசதிதான். முகத்துவாரத்தை இறாலுக்காகத் திறப்போம். சிப்பியை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆனால் பருவத்தை நாம் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வெள்ளம் வந்து சிப்பி நலிந்திருக்கும் தை, மாசி மாதங்களில் கையால் சுத்தம் செய்தால், மிஞ்சியவற்றை எடுத்துவிட்டு, புதிதாக இறங்கும் குஞ்சு பெரிதாவதற்குள் தரையைக் காக்கலாம். சித்திரை வைகாசியில் செய்தால் முற்றிய பாயோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சும்மா விட்டால்?

சேற்று நண்டு சிப்பியை உடைத்துத் தின்னும். காலப்போக்கில் நண்டும் மீனும் பழகிக்கொள்ளும், ஏரி தானே ஒரு நிதானத்துக்கு வரும் என்று சொல்பவர்கள் உண்டு. முழுப் பொய் இல்லை. நண்டுக் குஞ்சுகளைப் பிடிக்காமல் விடுவதும், முட்டை வைத்த நண்டைத் திரும்ப நீரில் விடுவதும் எப்படியும் நல்லது. ஆனால் அந்த நிதானம் வருவதற்குள் தடவிப் பிடிக்கிற குடும்பங்கள் ஏரியை விட்டுப் போய்விடும். காத்திருப்பதற்கான செலவை அவர்கள் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.

வந்த வழியை அடைப்பது

காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. கப்பல் சாயாமல் இருக்க அதன் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் சமநிலை நீரிலும், கப்பலின் அடிப்பக்கத்திலும்தான் இப்படிப்பட்ட உயிர்கள் கடல் தாண்டி வருகின்றன. சமநிலை நீருக்கான உலக ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பருக்குள் கப்பல்கள் அந்த நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்பது அதன் கெடு. நம் துறைமுகங்களில் அந்த நீரை எடுத்துச் சோதிப்பதும் முடிவை வெளியிடுவதும் வழக்கமாக வேண்டும். அகற்றும் செலவிலும் துறைமுகங்கள் பங்கு கொடுக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டால் அது நியாயம்தான்.

இது பழவேற்காட்டுத் தரையை மீட்காது. வந்தது வந்துவிட்டது. அடுத்து வருவதைத் தடுக்கும், இன்னும் சிப்பி வராத உப்பங்கழிகளைக் காக்கும். அந்த இடங்களுக்குப் பெரிய கப்பலைவிட சின்னப் படகுதான் ஆபத்து. பழவேற்காட்டிலோ எண்ணூரிலோ இருந்த படகையும் வலையையும் வேறு உப்பங்கழிக்குக் கொண்டுபோகும்போது, அடிப்பக்கத்தைச் சுரண்டி, வலையை உதறி, நல்ல வெயிலில் சில நாள் காயவைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். கயாக், லைஃப் ஜாக்கெட், மீன் போடும் வாளி எல்லாவற்றையும் காயவிட வேண்டும்.

சிப்பி புதிதாகத் தென்படும் இடத்தில் மட்டும் ஒழிப்பு உண்மையிலேயே நடக்கக் கூடியது. டெக்சாஸின் வேகோ ஏரியில் 2014-இல் படகு இறக்கும் இடத்தருகே வரிக்குதிரைச் சிப்பியைச் சீக்கிரமே கண்டுபிடித்து, தரைமேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூச்சு முட்டவைத்தார்கள். 2021-இல் அந்த ஏரி சிப்பி இல்லாதது என்று அறிவிக்கப்பட்டது. புதிய உப்பங்கழியில் முதல் கொத்தைப் பார்க்கிற மீனவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எதை முதலில்?

எண்ணூரின் அடைபட்ட கால்வாய்களில் பொக்லைன், திரைவலையோடும் மேட்டில் கொட்டும் உத்தரவாதத்தோடும். பழவேற்காட்டுப் பாடு தரைகளிலும் இருளர் கரைகளிலும் கைவேலை, பரப்புக் கணக்கில் கூலி. மருந்து ஏரிக்குள் வேண்டாம். சந்தை இப்போதைக்கு வேண்டாம், ஓட்டுக்குச் சூளை போதும். துறைமுகத்துச் சோதனை தனியாக நடக்கட்டும், அதைக் காரணம் காட்டித் தரை வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் ஒரே வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் கைவேலைக்குக் கொடுங்கள்.

இதற்குப் பெரிய ஆய்வுக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற தையில் ஒரே மாதிரியான மூன்று துண்டுத் தரைகளைக் கழி நட்டுப் பிரிக்கலாம். ஒன்றைத் தையில் சுத்தம் செய்யட்டும், ஒன்றைச் சித்திரையில், மூன்றாவதைத் தொடாமல் விடட்டும். தடவிப் பிடிக்கிற பெண்களே மூன்றிலும் இறங்கி, கிடைத்த இறாலை எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு வருடத்து எடை கையில் இருந்தால், எந்த மாதத்தில் எவ்வளவு தரைக்கு எவ்வளவு கூலி என்று மீன்வளத்துறையிடம் கணக்கோடு கேட்கலாம்.